உண்டியலில் விழுந்த உலகம்

நண்பரே,

இன்று காலை பெரிய கடைத்தெருவில் சேப்பங்கிழங்கு வாங்கினேன். மிச்சச் சில்லறையை உள்ளங்கையில் ஏந்தியபோது அதில் ஒன்று காய்ந்த இலைபோல் கனமற்றுக் கிடந்தது. புரட்டிப் பார்த்தேன். அலுமினியத்தில் அடித்த பழைய பிரெஞ்சுக் காசு. கிழங்குக்காரனிடம் அதைத் திருப்பி நீட்டினேன். அவன் சற்றும் கூசவில்லை.

"யாரோ பென்சன்காரரு என் தலையில கட்டிட்டுப் போயிட்டாரு சாமி. உங்களுக்கு என்னா நஷ்டம்? போற வழியில கோயில் உண்டியல்ல போட்டுட்டுப் போங்க!"

பக்கத்துக் கடை வெற்றிலைக்காரி சிரித்தாள். அவள் சிரித்ததைக் கண்டு வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். பொறுக்காத சினத்தோடு வீடு வந்தேன். கிழங்கு முற்றத்தில் கிடக்கிறது. அவனுக்கு மறுமொழி சொல்லத் தக்கவர் இவ்வூரில் ஒருவரே இருந்தார். அவராகிய நீர் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. ஆகவே உமக்கு எழுதுகிறேன்.

புதுச்சேரியில் கொடி மாறிய ஆண்டில்தான் உம்மை அறிந்தேன். அரசாங்கக் கருவூலத்தில் முப்பது ஆண்டு பணம் வாங்கிப் பணம் கொடுத்து ஓய்ந்தவர் நீர். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய பிறகும் ஊர் உம்மை அவன் தந்த பட்டத்தாலேயே, காசாளர் என்னும் பொருளில், 'கெசியே' என்று அழைத்தது. அக்காலத்தில் நம் கோயில் உண்டியலைக் கவிழ்த்தால் உலகமே கொட்டும். சைகோனில் காவல் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவன் பியாஸ்தர் போட்டான். அல்ஜீரியாவில் துப்பாக்கி தூக்கியவன் பிராங்கு போட்டான். சிங்கப்பூர் போனவன் அங்கத்து வெள்ளியைப் போட்டான். எங்கும் போகாதவன், பாட்டன் பெட்டியடியில் பச்சை பூத்துக் கிடந்ததைச் சுரண்டிப் போட்டான். எது செல்லும், எது செல்லாது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. துணிக்கடை வைத்திருந்த நம் தர்மகர்த்தா உம்மை அழைத்து வந்து மண்டபத்துப் பாயில் அமர்த்தினார். கூலி இல்லை. மாதக் கடைசி வெள்ளியில் ஒரு தொன்னை சுண்டலும், உச்சிவேளை வரை தூணோரத்து நிழலும்தான் உமக்கு வரும்படி.

நான் எதிரே அமர்ந்திருப்பேன். பதிகம் ஓதுவதும், சாத்திரத்தில் ஐயம் எழுந்தால் தீர்த்துச் சொல்வதும் அக்கோயிலில் என் பணி. என் சொல்லுக்கு அங்கே மறுசொல் கிடையாது. அதை அருளென்று எண்ணி வாழ்ந்தேன்.

இறைவனுக்குக் கொடுக்க நீளும் கையைப்போல் இழிந்த கை வேறில்லை என்பதை அந்தப் பாயருகே அமர்ந்துதான் கண்டேன். கீரைக்காரி வாங்க மறுத்தது, சாராயக் கடைக்காரன் கல்லில் தட்டித் தூக்கியெறிந்தது, தேய்ந்தது, துளைபட்டது, அரசே கைவிட்டது என்று எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக் கண்ணை மூடி, உதடு துடிக்க, ஆலமுண்ட கண்டனிடம் தள்ளிவிட்டுப் போகிறான் பக்தன். கீரைக்காரியை ஏய்க்க அஞ்சுகிறவன் கடவுளை ஏய்க்க அஞ்சுவதில்லை. தள்ளிய கையோடு மகனுக்கு வேலையும் மகளுக்கு வரனும் வேறு கேட்கிறான்!

அந்தக் குப்பையை நீர் எடுத்த விதம் எனக்கு எரிச்சலூட்டிற்று. ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் செருகி, வாசம் பார்ப்பவர்போல் முகத்தருகே கொண்டுபோவீர். குருக்கள்கூட வில்வத்தை அவ்வளவு மெல்ல எடுத்து நான் கண்டதில்லை.

"புலவரே, இத கொஞ்சம் பாருங்க" என்று நடுவில் சதுரத் துளையிட்ட செப்புக்காசை நீட்டுவீர். "சீனத்துது. அச்சுல அடிக்கல, வார்த்தது. கயித்துல கோத்துத் தோள்ல போட்டுக்கினு சந்தைக்குப் போவான். இதுக்கு வெள்ளைக்காரன் என்னா பேரு வெச்சான் தெரியுமா? நம்ம ஊரு 'காசு'ங்கிற பேரத்தான். இங்க வந்து கத்துக்கினு அங்க போயி வெச்சுட்டான்."

"பிணத்துக்குப் பெயர் எதுவானால் என்ன?" என்பேன். நீர் சிரிப்பீர். உம்மை இகழ்ந்தால் நீர் சிரிப்பது எனக்கு மேலும் எரிச்சல்.

ஆயினும் கேட்டேன். கேட்கக் கேட்க என் இகழ்ச்சிக்குத் தீனி கிடைத்தது. அதற்காகவே கேட்டேன் என்று அப்போது நம்பினேன். மேற்கே லிதியா என்றொரு நாட்டில் ஆற்று மணலிலேயே பொன்னும் வெள்ளியும் கலந்து கிடைத்தன என்றீர். கட்டியை ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்ப்பது தொல்லை என்று அரசன் அதில் சிங்கத்தலையைக் குத்திக் கொடுத்தான். "எடைய நம்பு, எடை போடாதேன்னான். அன்னைக்கே பொய்யும் கூடப் பொறந்துடுச்சி" என்றீர். சீனத்து வணிகன் இரும்புக் காசின் கனம் தாளாமல் அதை ஒருவனிடம் வைத்துச் சீட்டு வாங்கிப்போனதையும், பின்னர் மன்னன் உள்ளே எதுவும் வையாமலே சீட்டை மட்டும் அடித்துத் தள்ளியதையும் சொன்னீர். மரப்பட்டைக் கூழில் செய்த தாளுக்கு நெல் அளந்து கொடுத்திருக்கிறான் உழவன்!

இன்னொரு வெள்ளிக்கிழமை பியாஸ்தர், அமெரிக்கன் டாலர், சிங்கப்பூர் வெள்ளி மூன்றையும் அருகருகே வைத்து, "இவங்கல்லாம் ஒருத்தன் புள்ளைங்க" என்றீர். ஸ்பானியன் கடலுக்கப்பால் ஒரு மலையைக் குடைந்தான். அந்நாட்டு மக்களையே மலைக்குள் இறக்கி அரைத்து எடுத்த வெள்ளியில் ஒரு நாணயம் அடித்தான். அது கப்பலேறிச் சீனம்வரை போயிற்று. சில்லறை வேண்டியவர்கள் அதை வெட்டிக்கொண்டார்கள். அதன் வழியில் வந்தவையே இம்மூன்றும். டாலர் என்ற பெயரோ வேறிடத்துப் பிறப்பு. ஜெர்மானியர் நாட்டுப்புறத்தில் வெள்ளி தோண்டிய ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்ததாம். மலையில் செத்தவர்களுக்குப் பெயர் இல்லை, பள்ளத்துக்கு இருக்கிறது என்றேன் நான். அன்று மட்டும் நீர் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் புலவரே இதயெல்லாம் வெச்சிருக்கணும்" என்றீர்.

நம்மூர்க் கதையோ அதனினும் கேவலம். இங்கிருந்த பிரெஞ்சுக்காரன் டில்லிப் பாதுஷாவின் பெயரைப் பாரசீக எழுத்தில் பொறித்து ரூபாய் அடித்தான். அப்படி அடித்தால்தான் சந்தையில் வாங்குவார்கள். அவனே செப்புக்காசின் ஒரு பக்கம் தன் அரசனின் சின்னமான பூவையும் மறுபக்கம் தமிழ் எழுத்தில் புதுச்சேரியையும் வைத்தான். ஒரே தெருவில் பெரிய காசுக்கு ஓர் எசமான், சின்னக் காசுக்கு இன்னோர் எசமான்! நாணயம் என்ற சொல்லால் நேர்மையைக் குறிப்பவர்கள் இதைக் கண்டால் வேறு சொல் தேடுவார்கள்.

பிறகு அணாவை நீக்கி, ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்தது. ரெட்டியார்பாளையத்திலிருந்து பூக்கூடை தூக்கிவந்து கோயில் வாசலில் விற்கும் அம்மாள் மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"யோவ் கெசியே, அணாவுக்கு ஆறு பைசான்றான். நாலணாவுக்கு இருவத்தஞ்சுன்றான். நாலாறு இருவத்துநாலுதான? அந்த ஒண்ணு எங்கய்யா போச்சு?"

"எங்கயும் போவல ஆத்தா. அணா ஆறேகால் பைசா. கால் பைசா அடிக்க அச்சு இல்ல."

"அச்சு இல்லன்னா என் முழத்துல கையா வெக்கறது? அந்தக் காலுக்கு நான் எத்தினி மொக்கு வெக்கணும், சொல்லு!"

அவள் போன பிறகும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தீர். மறுநாளே ஒரு பலகையில் பழைய காசுகளுக்கும் புதிய பைசாவுக்கும் உள்ள பொருத்தத்தைச் சுண்ணாம்பால் எழுதி வாசலில் மாட்டினீர். கோயில் வாசலில் வட்டிக்கடைப் பலகையா என்று நான் கண்டித்தேன். அதற்கு முன்பே பூக்காரி அதற்கு ஒரு சரம் சாத்தியிருந்தாள்.

நடந்ததை இனி ஒளிக்காமல் எழுத வேண்டும்.

ஒரு மாசி மாதம் உம் வீட்டுக்கு வந்தேன். மனைவியார் இறந்த பின் தமக்கையோடு நீர் வாழ்ந்த வீடு. சுவரோரம் மெல்லிய இழுப்பறைகள் கொண்ட தேக்குப் பெட்டி. ஒவ்வொரு குழியிலும் ஒரு காசு. ஒவ்வொரு குழிக்கும் கீழே உம் எழுத்தில் ஊரும் உலோகமும். மேல் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர். அரிக்கமேட்டு ஆற்றங்கரையில் உழுத ஒருவனிடம் வாங்கியதாகச் சொன்னீர். ரோம மன்னன் ஒருவனின் முகம். மூக்கு மழுங்கியிருந்தது. கன்னத்தின் குறுக்கே, காதுவரை, உளியால் ஆழமாக ஒரு வெட்டு.

"நம்ம ஆளு வெட்டியிருக்கான். மேல வெள்ளி, உள்ள செம்போன்னு சந்தேகம். லோகத்தையே ஆண்டவன் மூஞ்சின்னு பாக்கல. போட்டான் ஒரு வெட்டு! இதவிட நல்ல காசு என்கிட்ட இல்ல புலவரே."

எனக்கு அந்த வெட்டு பிடித்திருந்தது. அரசர் முகத்தில் நான் போட விரும்பிய வெட்டு அதுதான். அதைச் சொல்லாமல், "பெட்டிநிறையப் பிணம் வைத்துக் காக்கிறீர். ஈசனடியார் ஓடும் செம்பொன்னும் ஒன்றாகவே காண்பர்" என்றேன். காசை வாங்கி அதன் குழியில் வைத்தீர். வைத்துவிட்டு முதுகைக் காட்டியபடியே கேட்டீர்.

"ஓட்டையும் பொன்னையும் ஒண்ணாப் பாக்கறவருக்குச் செல்லற காசும் செல்லாத காசும் மட்டும் எப்பிடி ரெண்டாத் தெரியுது?"

மேல்துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து வந்தேன். தோற்ற புலவனுக்கு மன்னிப்பு என்ற சொல் மட்டும் எந்த நிகண்டிலும் கிடைக்காது.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் நீர் கேட்டீர். செல்லாதவை என்று ஆறு ஆண்டுகளாக ஒதுக்கிய காசுகள் கோணியில் சேர்ந்திருந்தன. அவற்றைக் கோயிலின் வெளிச்சுற்றில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டும். இது இன்னாரால், இன்ன ஊரில், இன்ன உலோகத்தில் அடிக்கப்பட்டது என்று தமிழில் எழுதி ஒட்டுவதாகச் சொன்னீர். பெட்டிச் செலவும் உம்முடையது என்றீர். வாழ்நாளில் நீர் பிறரிடம் கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தர்மகர்த்தா என்னைத் தனியே அழைத்தார். முழம் போடும்போது விரலை மடக்கும் வணிகருக்கு உலகமே விரலை மடக்குவதாகத் தோன்றும். "கூலி வாங்காம ஒருத்தன் ஆறு வருசமா வர்றான்னா சும்மாவா வருவான்? கோணியில நல்ல நல்ல காசா சேருது. உண்டியல்ல எவன் புலவரே தெரிஞ்சு நல்ல காசு போடறான்? எவனோ தெரியாம போட்டத நாளைக்கி எடுத்துக்கினு போவத்தான் ஒதுக்கி ஒதுக்கி வெக்கறான்" என்றார்.

அவரை மதித்தவனல்லன் நான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை என் வாக்கியமாகவே கேட்டேன். நல்ல காசை எவன் போடுவான்? பக்தனின் கையை அறிந்தவன் என்ற செருக்கு எனக்கு. கோணியில் நல்ல காசு எப்படி வந்தது என்று நேரே உம்மிடம் வந்து கேட்டேன்.

"அது நாந்தான் போடறேன்" என்றீர். "என் பொட்டியிலேர்ந்து. எனக்குப் புள்ளையா குட்டியா? நாளைக்கிக் கண்ணை மூடினா தட்டார் கடைக்குப் போயிடும். சாமிகிட்ட இருந்தா உருக்க மாட்டாங்கன்னு போடறேன்."

நான் சிரித்தேன். மண்டபம் அதிரச் சிரித்தேன். "ஒருநாளேனும் கைகூப்பி உம்மைக் கண்டதில்லை. நீர் உண்டியலில் போடுகிறீரா? கெசியே, பொய் சொன்னாலும் அச்சுச் சரியாக விழ வேண்டாமா?"

நீர் குனிந்து கோணியின் வாயைக் கட்டினீர்.

கோயில் சபை கூடியது. கண்ணாடிப் பெட்டி வைக்கலாமா என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இறைவனுக்கு வந்தது எதுவும் வேடிக்கைக்கு வைக்கத் தகாது என்றேன். ஆண்டவர்களின் முகங்களை ஆண்டவன் சுற்றில் அடுக்குவது அபசாரம் என்றேன். செத்த காசு பிணம், பிணத்தைக் கோயிலில் வைக்கலாகாது என்றேன். மேற்கோளுக்கு மேற்கோள் எடுத்து, எதுகை தவறாமல், ஒரு நாழிகை பேசினேன். சாத்திரம் என் வாயில் அவ்வளவு அழகாக அதற்குமுன் வந்ததில்லை. பாத்திரம் வார்க்கும் கன்னாரை வரவழைத்துக் கோணியை எடைக்குக் கொடுத்து, மாற்றாக அபிடேக நீருக்கு ஒரு கொப்பரை வாங்குவதென்று முடிவாயிற்று. உலகை ஆண்ட அத்தனை பேரையும் உருக்கினால் ஒரு கொப்பரை! அந்நினைப்பில் எனக்கு இனிமைகூட இருந்தது.

கன்னார் தராசோடு வந்தார். கோணியைப் பாயில் கவிழ்த்தார்கள். அதைத் திரும்ப அள்ளிப்போடும் வேலைக்கு நானே முன்வந்து உட்கார்ந்தேன். இகழ்ச்சி ஒருவனை எவ்வளவு சுறுசுறுப்பாக்குகிறது! நீர் மூன்றாம் தூணருகே நின்றிருந்தீர். நான்காவதோ ஐந்தாவதோ பிடி அள்ளியபோது விரலில் ஒரு கூர்மை தட்டியது. பார்த்தேன். மழுங்கிய மூக்கு. கன்னத்தின் குறுக்கே காதுவரை ஒரு வெட்டு.

நிமிர்ந்தேன். நீர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர். உம் கை தூணைப் பிடித்திருந்தது. வாய் திறந்து அதைத் திருப்பிக் கேட்டிருக்கலாம் நீர். கேட்கவில்லை. போட்டது போட்டதுதான் என்ற ஒழுங்கு, கைகூப்பாத உம்மிடம் இருந்தது.

"என்னா புலவரே, அப்பிடிப் பாக்கறீங்க? தங்கமா?" என்றார் தர்மகர்த்தா.

"ஒன்றுமில்லை. செம்பு" என்றேன்.

கோணிக்குள் போட்டேன். பிறவிப் பெருங்கடலைக் கடப்பது குறித்து அன்று மாலையே சொற்பொழிவாற்றினேன், கூட்டம் நெகிழ்ந்தது.

அதன்பின் நீர் கோயிலுக்கு வரவில்லை. வாய்க்கால் ஓரம் ஒருமுறை எதிர்ப்பட்டபோது, "சௌக்கியமா புலவரே, கொப்பரை ஒழுகாம இருக்கா?" என்று கேட்டீர். வஞ்சமில்லாத குரல். நேரமாகிறது என்று நடந்தேன். உம் பாடை எடுத்த மறுநாள் உம் வீட்டுக்கு வந்தேன். தமக்கையார் தேக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். குழிக்குக் குழி உம் எழுத்து இருந்தது. ஒரு குழியிலும் காசு இல்லை. "எல்லாம் சாமிக்குப் போட்டுட்டேன்னு சொல்லுவான் என் தம்பி. உங்க கோயில்ல பத்திரமா வெச்சிருப்பீங்களே" என்றார். நான் தலையசைத்தேன். இரண்டாம் பொய்க்குச் சொல்லே தேவைப்படவில்லை.

என்னைப் பெரியவர் என்கிறது ஊர். தேய்ந்த காசைத் தள்ளிவிட்டுப் போகிறவனை இத்தனை ஆண்டு இகழ்ந்தேன். அவன் தள்ளியது காசு. நான் தள்ளியது உம்மை. இன்று அந்தக் கிழங்குக்காரன் என்னிடம் சொன்னது என்ன? செல்லாததைக் கையைவிட்டுத் தள்ளு என்று நான் ஒரு நாழிகை நேரம் செந்தமிழில் சொன்னதை அவன் ஒரு வரியில் சொன்னான். அவன் நடை சிறந்தது.

விடியுமுன் நீராடி, நீறணிந்து, இறைவனின் திருநாமங்களை வரிசையாக ஓதுவது என் வழக்கம் என்று உமக்குத் தெரியும். அறுபது ஆண்டாகத் தூசு விழாமல் காத்த நினைவு இது. இதில் வேறெதற்கும் இடமில்லை என்று உம்மிடமே தருக்கியிருக்கிறேன். இப்போது நாமத்துக்கும் நாமத்துக்கும் இடையில், அழைக்காமலே, உம் காசுகள் வருகின்றன. ஆற்றுமணலில் பிறந்த சிங்கத்தலை. கயிற்றில் கோத்த சீனத்துத் துளைக்காசு. மனிதரை அரைத்த மலையின் வெள்ளி. பாதுஷா பெயரில் பிரெஞ்சுக்காரன் அடித்த ரூபாய். முன்பு அவற்றைச் சிந்தையின் அழுக்கென்று உதறினேன். இப்போது உதறுவதில்லை. நீர் குழியில் வைத்த வரிசையிலேயே, ஊரும் உலோகமும் பிறழாமல், ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கிறேன். அதன் பிறகே பதிகத்துக்குத் திரும்புகிறேன். நீர் கேட்ட கண்ணாடிப் பெட்டி இவ்வளவுதான் கிடைத்தது, இகழ்ந்தவனின் தலைக்குள்.

வரிசையில் ஒன்றன் முறை வரும்போது மட்டும் உள்ளங்கையை விரித்துக்கொள்கிறேன். பிறகு, அரிக்கமேடு, வெள்ளி என்கிறேன். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தபோது சொல்ல வேண்டிய சொல். யாரும் இல்லாத பூசையறையில், எனக்கே கேளாத குரலில், நாள்தோறும் சொல்கிறேன். வெள்ளி.